மீனை விட்டேன், மீன் குழம்பை விடவில்லை

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 17 செப்டம்பர் 2023

நாளை புரட்டாசி பிறக்கிறது. இதுவரை சனிக்கிழமை மட்டும்தான் எங்கள் வீட்டில் கவுச்சி இல்லை. இந்த ஆண்டு மாதம் முழுவதும் என்று அம்மா சொல்லிவிட்டார். போன முறை பத்து நாள் முயன்றபோதே சாம்பார், ரசம், காரக்குழம்பு என்று சுற்றிச் சுற்றி வந்து நாக்கு செத்துவிட்டது. மீன் குழம்புக்கு மாற்று என்றால் எல்லோரும் மீல் மேக்கரைத்தான் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா? நிரந்தரமாகச் சைவத்துக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம்.

17 செப்டம்பர் 2023, இரவு

நான் மாறியவன்தான். ராயபுரம், கல்மண்டபம் பக்கம் வீடு. 2021 புரட்டாசியில் தொடங்கினேன், அந்தப் புரட்டாசி எனக்கு இன்னும் முடியவில்லை. இன்று காலை காசிமேட்டில் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நாளையிலிருந்து கிடைக்காது என்பதுபோல மொத்தச் சென்னையும் வந்து வஞ்சிரத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மாங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மீன் விற்கும் ஆயா என் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் மீல் மேக்கரைக் குழம்பிலிருந்து எடுங்கள். அது பஞ்சு. புளியை உறிஞ்சிக்கொண்டு, கடித்தால் துணி பிழிந்ததுபோல வாயில் கொட்டும்.

நான் வைப்பது இது. நான்கு பேருக்கு எலுமிச்சை அளவு பழைய புளி. முந்தைய இரவே ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்த மொச்சை ஒரு கிண்ணம். பிஞ்சுக் கத்தரிக்காய் ஆறு. கிடைத்தால் பாதி மாங்காய். சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு. மண்சட்டியில் நல்லெண்ணெய் மூன்று குழிக்கரண்டி விட்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளியைச் சுருள வதக்கி, மிஷினில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி போட்டுப் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்கட்டும்.

இனிதான் முக்கியம். கத்தரிக்காயைக் காம்போடு நான்காகக் கீறி, மஞ்சளும் கல் உப்பும் தடவி அரை மணி நேரம் வைத்து, தனியே எண்ணெயில் முக்கால் பதத்துக்கு வதக்கிக் கடைசியில்தான் சட்டியில் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு கரண்டி போடக் கூடாது. மீன் போட்டால் என்ன செய்வீர்கள்? சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவீர்கள் அல்லவா, அதே. காலையில் வைத்து இரவு சாப்பிடுங்கள். மறுநாள் என்றால் இன்னும் நல்லது.

18 செப்டம்பர் 2023

மீல் மேக்கரைப் பஞ்சு என்று சொன்னதற்கு வியாசர்பாடியிலிருந்து கடுமையான கண்டனம் வந்திருக்கிறது. திருத்திக்கொள்கிறேன். குழம்பில்தான் பஞ்சு. சத்தில் அதை அடிக்க ஆளில்லை. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவைத்தான் உருண்டையாக்குகிறார்கள். உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம். ஆனால் யாரும் 100 கிராம் மீல் மேக்கர் சாப்பிடப் போவதில்லை. சாப்பிட்டால் வயிறு பதில் சொல்லும். வெந்நீரில் போட்டு, இரண்டு முறை பிழிந்து, பொடியாகக் கொத்தி, மிளகும் சோம்பும் போட்டுப் பொடிமாஸ்போல வறுத்தால் நன்றாகவே இருக்கும். உருண்டையாக எதிலும் போடாதீர்கள்.

20 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் குழம்பு கசக்கிறது என்கிறார். வெந்தயத்தைக் கருக விட்டிருப்பீர்கள். எண்ணெய் புகையும்போது போட்டால் நொடியில் கறுத்துவிடும். மிதமான சூட்டில் போட்டு, சிவக்கத் தொடங்கும்போதே வெங்காயத்தைக் கொட்டுங்கள். குழம்பின் மேல் பழியில்லை.

23 செப்டம்பர் 2023, முதல் சனிக்கிழமை

சைவத்துக்கு மாறிய முதல் ஆறு மாதம் எனக்கும் நாக்கு செத்துத்தான் கிடந்தது. ஏன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் என் அப்பாவின் தோள்துண்டில் போய் நின்றேன்.

அப்பா கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போகும்வரை சென்னைக்கே காய்கறி அங்கிருந்துதான். இரவு இரண்டு மணிக்குப் போனால் காலை பத்து மணிக்குத் திரும்புவார். தோளில் துண்டு, துண்டின் முடிச்சில் காய். மூட்டையின் அடியில் நசுங்கிய தக்காளி, முனை ஒடிந்த முருங்கைக்காய், ஒரு பக்கம் சொத்தையான கத்தரி, மேல் இலை அழுகிய கோஸ். விற்காத காய், எறியவும் மனமில்லாமல் கடைக்காரர்கள் கொடுத்தது. எங்கள் வீட்டில் காய்க்குக் காசு கொடுத்த நினைவே எனக்கு இல்லை. காசெல்லாம் மீனுக்கு.

அதனால் அம்மாவின் கையில் இரண்டுக்கும் கிடைத்த மரியாதையே வேறு. சங்கரா வந்தால் வாசலில் அரிவாள்மனை வரும், சாம்பல் வரும், உரசுவதற்கென்றே வைத்திருந்த சொரசொரப்பான சட்டி வரும். கல் உப்பில் மூன்று தண்ணீர், மஞ்சளில் ஒரு தண்ணீர். மசாலாவை அம்மியில் அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் ஊறவைப்பார். வீடே காத்திருக்கும். காய் என்றால்? நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைப் பருப்போடு கொட்டி, குழைய வேகவிட்டுக் கடைந்துவிடுவார். அழுகலின் வாடை தெரியாமல் இருக்க அதுதான் வழி. அது வறுமை கற்றுக்கொடுத்த சமையல், குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் நான் என்ன செய்தேன்? 2021-இல் கடையில் கிலோவுக்குக் காசு கொடுத்து, புத்தம் புதிய கத்தரிக்காயை வாங்கிவந்து, அதையும் அழுகிய கத்தரிக்காய்போலவே சமைத்தேன். குழைத்தேன், கடைந்தேன், காரத்தைக் கொட்டினேன். எந்தக் காயாக இருந்தாலும் ஒரே ருசி. பிறகு மீன் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன்.

ஒரு நாள் சேப்பங்கிழங்கை அம்மா மீனுக்குச் செய்வதைப்போலச் செய்து பார்த்தேன். அரை வேக்காடுதான். தோல் உரித்து, உள்ளங்கையில் லேசாக அழுத்தித் தட்டையாக்கி, வஞ்சிரத்துக்குத் தடவும் அதே மசாலாவைத் தடவி (மிளகாய்த்தூள், மிளகு, சோம்பு, பூண்டு விழுது, எலுமிச்சை, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் அரிசி மாவு) அரை மணி நேரம் வைத்து, இரும்புக் கல்லில் ஒரு பக்கம் முறுகும்வரை தொடாமல் விட்டேன். திருப்பிப் போட்டு மறுபடியும் தொடவில்லை. அம்மா பக்கத்து அறையிலிருந்து, "என்னடா, யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்துதான் நான் சாப்பிடத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

வாழைக்காயிலும் இதைச் செய்யலாம். குறுக்கே சாய்வாக, சுண்டுவிரல் பருமனில் வெட்டி மோர்த்தண்ணீரில் போட்டால் கறுக்காது. ஈரத்தைத் துடைத்துவிட்டு மசாலா தடவுங்கள். ஈரத்தோடு தடவினால் மசாலா கல்லில் ஒட்டிக்கொள்ளும், காய் மொட்டையாகக் கையில் வரும்.

24 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதை மகள் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அம்மாவின் மறுப்பு: "உன் அப்பா அழுகல் காயை மட்டுமா கொண்டுவந்தார்? வெள்ளிக்கிழமை தோறும் நல்ல முருங்கைக்காய் ஒரு கட்டு காசு கொடுத்து வாங்கிவருவாரே, அது உன் கண்ணில் படவில்லையா?" பட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அதனால் அந்த நாளையே நான் மறந்திருக்கிறேன்.

28 செப்டம்பர் 2023

வெளியே சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வடசென்னையில் சைவன் வெளியே சாப்பிடுவது தனிக் கலை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்கு நண்பர்களோடு போனேன். நான் சைவம் என்றதும் கடைக்காரர் மிகுந்த அக்கறையோடு, "கவலைப்படாதீர்கள் அண்ணா, உங்களுக்குக் குஸ்கா வைக்கிறேன்" என்றார். அதே அண்டா, அதே கறியின் சாறு. துண்டு விழவில்லை, அவ்வளவுதான். ஒரு துண்டு தவறி விழுந்திருந்தது. அதையும் கையால் எடுத்துவிட்டு, "இப்போது சைவம்" என்றார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு சைவம் என்பது கண்ணுக்குத் தெரியும் துண்டைப் பற்றிய கணக்கு. பரோட்டாக் கடையில் வெறும் சால்னா கேட்பதும் இதே கதைதான். 'வெறும்' என்பதற்கு எலும்பு இல்லாதது என்று பொருள்.

நம்பிப் போகும் இடம் எனக்குப் பர்மா பஜார் பக்கத்து அத்தோ வண்டி. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு. வியாசர்பாடியிலும் அவர்கள் குடியிருப்பு உண்டு. மஞ்சள் நூடுல்ஸ், மெலிதாகச் சீவிய கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், கொத்தமல்லி எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொஹிங்கா என்னும் வாழைத்தண்டு சூப்பை மீன் சாற்றில் செய்வார்கள், அதனால் சூப்பை மட்டும் வண்டிக்கு வண்டி கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிசையத் தொடங்கிய கை நிற்காது.

29 செப்டம்பர் 2023

ஒரு சின்னச் சேர்க்கை. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்புப் புள்ளி இருந்தது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதால் இப்போது பழுப்பு முக்கோணம். என் மைத்துனருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இருபது ஆண்டாக அவர் பிஸ்கட்டை நம்பிக்கையில்தான் சாப்பிட்டிருக்கிறார். ஜெல்லி மிட்டாயில் மாட்டின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

5 அக்டோபர் 2023

இன்று வள்ளலார் பிறந்த நாள், 1823-இல் பிறந்தவர் என்பதால் இருநூறு ஆண்டு. வடலூரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நம் பக்கம்தான். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் இருந்தார், 1858 வரை சென்னைவாசி. அங்கிருந்து நடந்தே திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் வருவார். ஒரு நாள் நேரமாகித் திரும்பி, கதவைத் தட்ட மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட, அம்மனே அண்ணியின் உருவில் வந்து சோறு போட்டாள் என்று கதை. வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகப் போனேன். இந்தத் தூரத்தை இரவில் நடந்தவருக்கு என்ன பசி பசித்திருக்கும் என்பதே என் நினைப்பாக இருந்தது. 1867-இல் அவர் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. கொல்லாமையைப் பேசியவர் முதலில் செய்தது சோறு போட்டது. சைவத்தைப் பற்றிச் சண்டை போடும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். (உபதேசம் வேண்டாம் என்று கேட்டவர் மன்னிக்கவும். ஒரு வரிதான்.)

'சைவம்' என்ற சொல்லே வேடிக்கை. சிவனை வணங்கும் சமயத்தின் பெயர் சாப்பாட்டின் பெயராகிவிட்டது. பெருமாளுக்குப் புரட்டாசி விரதம் இருக்கும் வைணவரும் 'நான் சைவம்' என்கிறார். 'கறி'யும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கறி என்றால் ஆடு. யாழ்ப்பாணத்தில் காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். வடகறியில் ஒரு கறியும் இல்லை, பருப்பு வடைதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் முதலில் விரும்பிய சைவம் அந்த வடகறிதான். பெயரை நம்பித்தான் விரும்பினேன் என்று நினைக்கிறேன்.

9 அக்டோபர் 2023

கேள்வி கேட்டவர் மறுபடியும் கசக்கிறது என்கிறார். இந்த முறை வெந்தயம் கருகவில்லையாம், அவருடைய அம்மாவே பக்கத்தில் நின்றாராம். அப்படியானால் கத்தரிக்காய் முற்றல். விதை கறுத்திருந்தால் கசக்கும்.

வேறு விஷயம். பாரிமுனையில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஜைனர், வீடு சௌகார்பேட்டை. நான் சைவம் ஆனதைக் கேட்டு மகிழ்ந்து, ஒரு நாள் வீட்டுக்கு அழைத்தார். நான் பெருமையோடு, உருளைக்கிழங்கில் ஒரு வறுவல் செய்வேன், பூண்டு நிறையப் போட்டு, என்று தொடங்கினேன். அவருடைய தாயார் காதைப் பொத்திக்கொள்ளாததுதான் குறை. மண்ணுக்கடியில் விளைவது எதுவும் அவர்களுக்கு ஆகாது. பிடுங்கினால் செடியே சாகும், அதோடு ஒட்டிய எண்ணற்ற உயிர்களும் சாகும். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு இல்லை, காளான் இல்லை, இருட்டிய பிறகு சாப்பாடும் இல்லை. அவர்கள் கணக்கில் நான் பாதி அசைவம்.

ஆனால் அந்த வீட்டுப் பாவ் பாஜி! உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய். பெருங்காயத்தை நெய்யில் பொரிய விட்டு, சீரகம், தக்காளி. வெங்காயம் இல்லாததை நாலாவது வாயில்தான் கவனித்தேன். பெருங்காயத்தை ரசத்தில் ஒரு சிட்டிகை போடும் பொருளாகத்தான் இதுவரை வைத்திருந்தேன். சூடான நெய்யில் முதலில் அதைப் போட்டால் பூண்டு செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது.

15 அக்டோபர் 2023

இன்னும் இரண்டு நாளில் புரட்டாசி முடிகிறது. தொடரலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் விருப்பம். 2014-இல் அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். ராஜஸ்தானில் நூற்றுக்கு 74 பேருக்கு மேல் சைவம். ஆகவே தொடர்ந்தால் பேச்சுத்துணைக்குச் சௌகார்பேட்டை போக வேண்டியிருக்கும்.

நான் எப்படி மாறினேன் என்பதை மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் குற்றம் சாட்டுகிறார். மறைக்க அதில் ஒன்றும் இல்லை, கொஞ்சம் அவமானம் மட்டும் உண்டு. 2021-இல் என் மகளுக்கு வயது 16. கோழிக்கடையில் வரிசையில் நின்றபோது எதையோ பார்த்துவிட்டு வந்து, இனி வேண்டாம் என்று அழுதாள். தனியாகச் சாப்பிடுகிறாளே என்று துணைக்கு நானும் விட்டேன். புரட்டாசியும் சேர்ந்துகொண்டது. கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது மாதம் அவள் தோழிகளோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். தொடங்கியவள் அவள், மாட்டிக்கொண்டவன் நான். ஏன் நீ திரும்பவில்லை என்று அவளே கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மீன் வாசனை வந்தால் இன்றும் வாயில் நீர் ஊறுகிறது. உயிருள்ள நண்டு கூடையில் கால் அசைப்பதை மட்டும் முன்பு பார்க்காமல் இருந்தேன், இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

7 டிசம்பர் 2023

புயல். நான்கு நாளாக எழுத முடியவில்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் நேற்று இரவுதான் வந்தது. பால் இல்லை, காய் இல்லை, மாவு மிஷின் ஓடவில்லை. அலமாரியில் இருந்தது அவல், பொட்டுக்கடலை, வெல்லம், காய்ந்த மொச்சை, அம்மா போன கோடையில் காயவைத்த வற்றல்.

அந்த மூன்று நாள் எங்கள் மாடியில் கீழ்வீட்டுக்காரர்களும் தங்கினார்கள். மொத்தம் பதினொரு பேர். பெரிய சட்டியில் கத்தரி வற்றலும் மாங்காய் வற்றலும் மொச்சையும் போட்டு ஒரு புளிக்குழம்பு. கீழ்வீட்டு அண்ணன் மீன்பிடிப் படகில் போகிறவர், வற்றலைக் கடித்துவிட்டு, "கருவாடு போட்டிருக்கிறீர்களா?" என்றார். வெயிலில் காய்ந்த கத்தரிக்கு அந்த மெல்லும் தன்மை வந்துவிடுகிறது. ஊறவைக்க வெந்நீர் போதும், கால் மணி நேரம். அதிகம் ஊறினால் மறுபடியும் வெறும் கத்தரிக்காய்.

24 டிசம்பர் 2023

எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் பரவியதைப் படித்திருப்பீர்கள். படகும் வலையும் கறுத்துக் கிடக்கின்றன. மீனவர்களே குவளையால் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். மீன் வாங்க ஆளில்லை, வேறு கரையில் பிடித்த மீனையும் சந்தேகப்படுகிறார்கள். ஆயாவின் கூடை மதியம்வரை நிறைந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும், "நீதான் முன்கூட்டியே தப்பித்துக்கொண்டாய், நைனா" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் மீனை விட்டது என் நாக்கு சம்பந்தப்பட்டது. அவருக்கு அது அடுப்பு. சைவத்தைப் பற்றி இங்கே மிகவும் உல்லாசமாக எழுதிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது. இந்த வாரம் எழுதவில்லை.

11 பிப்ரவரி 2024

இரண்டு மாதமாகப் பாதத்தில் ஊசி குத்துவதுபோல மதமதப்பு. செருப்பைக் குறை சொன்னேன். பிறகு ஏணியில் ஏறும்போது தடுமாற்றம். மருத்துவரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சைவமா? எத்தனை ஆண்டு?" ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு. முதலில் ஊசி, பிறகு மாத்திரை.

பி12 செடியில் கிடையாது. மீன், கறி, முட்டை, பால் இவற்றில்தான். ஈரல் அதைச் சில ஆண்டுக்குச் சேர்த்து வைத்துக்கொள்வதால், விட்ட உடனே தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். எனக்குப் பாலும் பிடிக்காது, காப்பியில் மட்டும் கொஞ்சம். ஆகவே என் கணக்கு தீர்ந்துவிட்டது. நீண்ட நாள் விட்டால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடும் என்றார். இதை அக்டோபரிலேயே நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தெரியாததால் சொல்லவில்லை. முழு மாதம் மட்டும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தொடர்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

12 பிப்ரவரி 2024

பழைய சோற்றில் பி12 இருக்கிறதே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் இரண்டு ஆண்டு தினமும் நீராகாரம் குடித்தேன். வயிற்றுக்குக் குளிர்ச்சி, வெயிலுக்கு நல்லது, எல்லாம் சரி. பி12-க்கு அதை நம்ப முடியாது. என் பாதமே சாட்சி.

சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ளத் தேநீர் விடாது. எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக எடுக்கும். அத்தோ வண்டிக்காரர் எலுமிச்சையை ஏன் தாராளமாகப் பிழிகிறார் என்று இப்போது புரிகிறது என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் ருசிக்காகத்தான் பிழிகிறார்.

3 மார்ச் 2024

காளான். குழம்பில் அந்த மீன் தரும் அடி ருசி வரவில்லை என்பவர்களுக்குச் சிப்பிக் காளானை வெயிலில் ஒரு நாள் காயவைத்துப் பொடித்து அரைத் தேக்கரண்டி போடச் சொல்வேன். தக்காளியை நன்றாகச் சுண்ட விடுவதும் அதே வேலையைச் செய்யும். எங்கள் வீட்டில் இது நடக்கவில்லை. பொட்டலத்தில் 'சிப்பி' என்று படித்ததும் அம்மா அதைத் தனித் தட்டில் வைத்துவிட்டார். "இத்தனை நாள் விரதம் இருந்துவிட்டு இப்போது சிப்பி தின்கிறாயா?" வடிவத்தால் வந்த பெயர் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கடற்பாசித் தாளையும் முயன்று பார்த்தேன். மழை விட்ட மறுநாள் காசிமேட்டுக் கரைபோல வீடு நாறியது. வேண்டாம்.

15 ஏப்ரல் 2024

இன்று முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில். வஞ்சிரம் விலை ஏறும். ஊரே கொஞ்சம் சைவமாகும். கீழ்வீட்டு அண்ணன் வலை பின்னிக்கொண்டே, "அந்தக் கத்தரி வற்றல் இருக்கிறதா?" என்று கேட்டு அனுப்பினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கோடையில் நான்கு கிலோ காயவைக்கிறார். மொட்டைமாடியில் காக்கையை விரட்டும் வேலை எனக்கு.

செய்முறை கேட்டவர்களுக்கு: நீளவாக்கில் நான்காக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம், வடித்து, துணியில் பரப்பி நான்கு நாள் நல்ல வெயில். வளைத்தால் ஒடிய வேண்டும்.

21 ஜூலை 2024

ஆடி முதல் ஞாயிறு. தெருமுனை அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். கேழ்வரகும் நொய்யும் போட்டுக் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். வழக்கமாக நான் கீரையோடு ஒதுங்கிவிடுவேன். இந்த முறை கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டி. அம்மா வைத்த வற்றல் மொச்சைக் குழம்பு. யாரும் அதைச் சைவம் என்று சொல்லி விளம்பரப்படுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அந்தச் சட்டி காலி, கருவாட்டுச் சட்டியில் மிச்சம். ஆயா இரண்டு முறை வாங்கினார். அம்மாவிடம் அளவு கேட்டு, எழுதிக்கொள்ள என்னிடம் பேனா வாங்கினார்கள் மூன்று பெண்கள்.

22 ஜூலை 2024

அவர்களுக்கு அம்மா சொன்ன அளவை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். வெந்தயம் கால் தேக்கரண்டி. நான் போன செப்டம்பரில் ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருக்கிறேன். அம்மா கையால் அள்ளிப் போடுவதை ஓரமாக நின்று பார்த்து நானே ஊகித்த அளவு அது.

கொருக்குப்பேட்டைக்காரரே, உங்கள் அடுப்பும் சரி, கத்தரிக்காயும் சரி. உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.